வாசல் மண்ணில் தடம்

அந்த ஊரின் படத்தை நான் இரண்டு முறை வரைந்தேன். முதல் முறை அதில் மூன்று தெருக்கள் இருந்தன. அடுத்த வருடம் போனபோது மேற்குத் தெருவைக் காணோம். தெருவைக் காணோம் என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னால் அவர் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆனாலும் உண்மை அதுதான்.

எழுபத்தொன்றாம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு அது. நான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மில்லர்புரத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். சொந்த ஊர் நாசரேத். அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் வாத்தியார்கள். கோடு கோணலாகப் போனால் சோறு இறங்காத குடும்பம். அதனால் கணக்கெடுப்புப் பயிற்சியில் என் நோட்டைத்தான் மற்றவர்களுக்குக் காட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சி கொடுத்தவர் கொஞ்சம் வேடிக்கைக்காரர். "ஆதிச்சநல்லூர் பக்கம் டியூட்டி விழுந்தவங்க கவனம். தாழிக்குள்ள இருக்கிறவங்களை எல்லாம் எழுதிறாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். செத்தவரைக் கணக்கில் எழுத எந்த முட்டாளுக்குத் தோன்றும் என்றுதான் நானும் நினைத்தேன்.

எனக்கு விழுந்தது கடற்கரை. மேற்கே தேரி, அதாவது கண்ணுக்கெட்டிய மட்டும் சிவந்த மணல்மேடு, அங்கங்கே பனையும் உடைமரமும். கிழக்கே கடல். நடுவில் ஒரு மாதா கோவில், ஒரு கிணறு, ஒரு கடை, கொஞ்சம் ஓலை வீடுகள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றைக் கச்சான் என்பார்கள். கச்சான் தேரி மண்ணைக் கிழக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். மண் தள்ளத் தள்ள ஊரும் கடலைப் பார்த்து நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

முந்தின வருடக் கோடையில் வீடுகளுக்கு எண் போடப் போயிருந்தேன். ஒவ்வொரு கதவிலும் தாரால் எண் எழுத வேண்டும். எண் போட்ட வீட்டுக்கு அரசாங்கம் ஓட்டு வீடு கட்டித் தரப்போகிறது என்று யார் கிளப்பிவிட்டார்களோ, ஊரே என் பின்னால் திரண்டுவிட்டது. மேற்குத் தெருவின் கடைசி வீடு, தேரியின் காலடியில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் என் கையிலிருந்து தார் டின்னை வாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் எழுதும்போது ஒரு சொட்டு அவர் காலில் விழுந்துவிட்டது.

"பாத்து ஊத்துங்க டீச்சர். இந்தக் கால்ல ஏற்கெனவே நாலு விரலுதான் இருக்கு. திருக்கைக்கு ஒண்ணு குடுத்தாச்சு, தாருக்கு ஒண்ணு கேக்கீயளா?" என்றார்.

குனிந்து பார்த்தேன். இடது காலில் பெருவிரல் இல்லை. திருக்கை மீனின் முள் குத்தி அழுகிப்போய் எடுத்துவிட்டார்களாம். அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, "அவிய பேச்சக் கேட்டா உங்க சோலி ஓடாது டீச்சர்" என்று சிரித்தாள். கதவில் என் எண் கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. அதற்கும் அவர் கேலி செய்தார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அந்த மனிதரைப் பிடித்தும் இருந்தது.

அடுத்த மாசியில் ஆட்களை எண்ணுவதற்காகப் போனேன். நான் போட்ட எண்கள் எல்லாம் தாறுமாறாகக் கிடந்தன. மேற்குத் தெரு எண் கடற்கரையில் ஒரு வீட்டில் இருக்கிறது. அதற்குப் பக்கத்து எண் கோவிலுக்குப் பின்னால். ஒரு எண் கடலைமிட்டாய்ப் பாட்டில்களுக்குக் கீழே கடைப் பலகையாகக் கிடந்தது. நான் பொறுமைசாலி இல்லை. கடைக்கார அண்ணாச்சியிடம் சத்தம் போட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். "ஆடிக் காத்துல மேலத் தெரு பூரா மண்ணுக்குள்ள போயிட்டு. சனங்க கதவயும் நிலையயும் பிடுங்கிட்டு வந்து கடக்கரைல வீடு கட்டிட்டாவ. மரம் சும்மாவா கெடைக்கி? நம்பரு கதவுக்குத்தான டீச்சர் போட்டீய? கதவு எங்கன இருக்கோ அங்கனதான வீடு?"

இதற்கு என் பயிற்சி நோட்டில் பதில் இல்லை. அவரே தொடர்ந்து, "ஒரே ஒரு கதவுதான் போட்ட எடத்துல நிக்கி. அங்கன போனா கொஞ்சம் பதனமாப் பேசுங்க" என்றார். தார் டின் பிடித்த மனிதரைப் பற்றி அவர்தான் சொன்னார். கடலோரம் புது வீட்டுக் கூரைக்குப் பனங்கை எல்லாம் வாங்கிப் போட்டிருந்தாராம். ஐப்பசியில் வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் பலகையைப் பிடித்துக் கரை ஏறினார்கள். இவர் வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டின் வாசல் நிலையைப் பிடுங்க மாட்டார்கள். உடல் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டார் சம்மதித்துக் கோவிலில் துக்க மணி அடித்துப் பூசை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் நிலையில் கை வைத்தால், அவன் செத்தான் என்று வீட்டாரே சொன்னதாக ஆகிவிடும். அவள் சம்மதிக்கவில்லை. மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த வீட்டிலேயே தனியாக இருந்தாள்.

நான் போனபோது பின்பக்கக் கூரைவரை மண் ஏறியிருந்தது. காற்று அடங்கிய மாதம்தான், ஆனாலும் கூரை மேலிருந்து மண் சரசரவென்று முன்வாசலில் சரிந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தம் வீட்டுக்குள் யாரோ நடமாடுகிற மாதிரி கேட்டது. அடுத்த கச்சானுக்கு அந்தக் கூரை தாங்காது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். கூரை இறங்கினால் அவளும் உள்ளேதான்.

"எத்தன பேரு?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு. நானும் அவியளும்."

கணக்கெடுக்கிற நாட்களில் ஒரு நாளாவது வந்து தங்கினவர்தான் அந்த வீட்டு ஆள். சட்டம் அப்படி. அதைச் சொன்னால் அவளே புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். "இந்த நாள்கள்ல அவங்க இங்க வந்தாங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வாராவளே. விடியக்கருக்கல்ல வாராவ. நான் எந்திரிக்கதுக்குள்ள போயிருதாவ. இங்கன பாருங்க."

வாசல் மண்ணை முந்தின நாள் சாயங்காலம் வாரியலால் பெருக்கி நிரவி வைத்திருந்தாள். அதன்மேல் தடங்கள் இருந்தன. கதவு வரைக்கும் வந்து, திரும்பி, மறுபடி வந்து போன ஒரு ஆணின் தடம். பட்டப்பகலில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. குனிந்து இடது காலின் பெருவிரலைத்தான் முதலில் தேடினேன். விரல் இருந்தது. ஐந்து விரலும் நன்றாகப் பதிந்திருந்தன. பயம் போய்விட்டது. ஆனால் அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்ப்பதுதான் பயத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒன்றும் எழுதாமல் திரும்பிவிட்டேன்.

தடத்தின் சொந்தக்காரனைத் தேட வேண்டியிருக்கவில்லை. வள்ளங்கள் எல்லாம் போய்விட்ட கரையில் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். முழங்கை வரை செம்மண். பக்கத்தில் பனையோலைக் கடகப்பெட்டி. அவளுடைய கொழுந்தன், செத்தவரின் தம்பி.

"நான்தான் டீச்சர்" என்றான். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். "மண்ண அள்ளலன்னா கதவு தொறக்காது. மயினி உள்ளயே மூச்சு முட்டிப் போயிருவாவ."

"பகல்ல போய் அள்ளக் கூடாதா?"

"விட மாட்டக்காவளே. உங்க அண்ணன் வந்து அள்ளுவாவ, நீ போன்னு வெரட்டுதாவ."

"அப்ப உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "சொன்னா எங்க அண்ணன நானே கொன்ன மாதிரி. கடலு ஒரு தடவ, நான் ஒரு தடவ. நீங்களும் சொல்லிராதீய டீச்சர்."

விடியும் வரை மண் அள்ளினால் வள்ளம் அவனை விட்டுவிட்டுப் போய்விடும். அவன் இடத்தில் வேறு ஆள் ஏறியாயிற்று. அவன் வீட்டில் அடுப்பு ஒரு நாள் எரிந்தால் ஒரு நாள் எரியாது என்று அண்ணாச்சி பிறகு சொன்னார்.

அதற்கப்புறம் மில்லர்புரத்தில் எனக்குத் தூக்கம் சரியில்லை. பகலெல்லாம் புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும், அதில் ஒன்றும் தோன்றாது. விளக்கை அணைத்தால் மண் சரிகிற சத்தம் கேட்கும். சொல்லாமல் இருந்தால் அடுத்த கச்சானில் அவள் போய்விடுவாள். சொன்னால் அன்றைக்கே அவளுக்கு எல்லாம் போய்விடும். இரண்டையும் யோசித்து யோசித்து, உயிர்தான் பெரிது, சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். எண்ணி முடித்த பிறகு, இடையில் பிறப்பு இறப்பு உண்டா என்று விசாரிக்க ஒரு கடைசிச் சுற்று உண்டு. அதற்கு முதல் பஸ்ஸில் போனேன். என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மேற்கே கதவு இல்லை. கதவு நின்ற இடத்தில் ஒரு பள்ளம், அதற்குள் மண் இறங்கிக்கொண்டிருந்தது. கோவில் பக்கம் ஓடினேன். அதைத் தாண்டிக் கடலோரத்தில், பச்சை ஓலை வேய்ந்த புது வீட்டில் என் கோணல் எண்ணோடு அந்தக் கதவு நின்றது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அவள் வாசலில் இருந்தாள்.

"ஒரு ஆளு டீச்சர். ஒண்ணுன்னே எழுதிக்கிடுங்க" என்றாள்.

நோட்டைப் பிரித்தேன். தயார் செய்துகொண்டு போன பேச்செல்லாம் எங்கே போயிற்றோ.

"நீங்க என்ன சொல்ல வந்தீயன்னு தெரியும். அது அவிய காலு இல்லன்னு மொத நாளே தெரியும். அந்த விரலு இல்லாத காலு எனக்குத் தெரியாதா? தெனமும் விடிஞ்சதும் அந்தத் தடத்துல பெருவெரல மட்டும் கையால அழிச்சிருவேன். அழிச்சிட்டுப் பாத்தா அப்படியே அவிய காலுதான். அன்னைக்கு உங்களுக்குக் காட்டும்போது அழிக்க மறந்துட்டேன்."

அவளே தொடர்ந்து சொன்னாள். "முந்தாநாளு கொழுந்தன் பிள்ளய ரெண்டும் வந்து, பெரியம்ம, சோறு இருக்கான்னு கேட்டுது. இவன் வள்ளத்துக்குப் போவாம எனக்கு மண்ணு அள்ளிக்கிட்டுக் கெடக்கான். செத்தவியளுக்காவ இருக்கவியளப் பட்டினி போடலாமா? நாந்தான் சாமியார்ட்ட போயி மணி அடிக்கச் சொன்னேன். நிலையப் பிடுங்கும்போது அவன்தான் அழுதான். இன்னைக்குக் கடலுக்குப் போயிருக்கான்."

நான் ஒன்று என்று எழுதினேன். சில வருடம் கழித்துத் தாலுகா வாரியாக ஊர்களின் பரப்பும் ஜனத்தொகையும் அச்சாகி வந்தபோது அந்த ஊரைத் தேடிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் இன்றுவரை அந்த எண்ணை நினைக்கும்போதெல்லாம் அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்கிறேன்.

அன்று அவளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். கோவில் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் கையில் வாரியல் இருந்தது. வாசலில் பதிந்திருந்த என் செருப்புத் தடத்தை அழித்து, மண்ணை நிரவிக்கொண்டிருந்தாள்.