திவசச் சமையலுக்கு ஒரு டிஜிட்டல் கோர்ஸ்

போன வாரம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்கப் போனோம் — நானும் என் மச்சினி அம்பிகாவும். புது வீடு, புது கார், பரீட்சை... எதற்கு வேண்டுமானாலும் இங்கே தேங்காய் அடிப்பார்கள். அம்பிகா அடித்தது ஓர் ஆன்லைன் பிசினஸ் கோர்ஸுக்காக!

"ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு அடிச்சுடலாம் அத்திம்பேர்" என்றாள். கட்டின பிறகு தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று எனக்கு வாய்வரை வந்தது. சன்னிதி ஆச்சே என்று விழுங்கிவிட்டேன்.

அம்பிகாவுக்குக் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு. சுற்றுவட்டாரத்தில் திவசம், பதிமூன்றாம் நாள் காரியம் என்றால் சமையல் அவளுடையதுதான். பிரண்டைத் துவையல், பாகற்காய்க் கறி, எள்ளுருண்டை — எதிலும் சாஸ்திரம் பிசகாது. விளம்பரம் கிடையாது. ஒரு வீட்டில் சொல்லி இன்னொரு வீடு. இரண்டு பெண்களைப் படிக்க வைப்பது அந்த அடுப்புதான்.

சமீபமாக ஆர்டர் குறைகிறது. பிள்ளைகள் பெங்களூர் போய்விட்டார்கள். திவசமும் கூடவே போய்விட்டது. பயந்து போயிருந்தாள். பயந்தவர்களைத்தான் இந்தக் கோர்ஸ்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுகிறார்களே!

முதலில் தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் இலவச வகுப்பு. துணைக்கு நானும் போனேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கோட் போட்டுக்கொண்டு நின்றவரைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சேச்சிமாரே, பழைய கஸ்டமர்தான் கோல்ட்! வந்தவங்க திரும்பத் திரும்ப வரணும், கேட்டோ!" என்றார், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக. திரையில் 'கடைசி மூன்று இடங்கள்' என்று மினுக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அவர்கள் வெப்சைட்டைப் பார்த்தேன். மூன்று. அதற்கு மறுநாளும் மூன்று. அந்த மூன்று நாற்காலியில் மட்டும் உட்கார ஆள் கிடைக்கவில்லையா?

இதே அம்பிகா பெரிய கிரைண்டர் வாங்கின கதை வேறு. ஊற வைத்த உளுந்தைத் தூக்கில் எடுத்துக்கொண்டு சாலை பஜாரில் கிரைண்டர் கடைக்குப் போனாள். "இதை அரைச்சுக் காட்டுங்கோ, அப்புறம் விலை பேசலாம்" என்றாள். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! அரைத்தும் காட்டினார். அப்படிப்பட்டவள் ஏன் கோர்ஸ் என்றதும் மயங்கிவிட்டாள்? மிஷினைக் கேள்வி கேட்கிற நாம், இங்கிலீஷில் ஒருவர் பேசினால் வாயை மூடிக்கொள்கிறோம். அவ்வளவுதான்.

கோர்ஸோடு ஒரு 'டூல்' தருகிறார்கள். முதல் வாரம் இலவசம். கஸ்டமர் நம்பர்களை ஏற்றிவிட்டால் அதுவே மெசேஜ் எழுதி, அதுவே எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடும். கோயிலிலிருந்து வந்த கையோடு அம்பிகா ஏற்றினாள். தொழில் என்ன என்ற இடத்தில் 'ஃபுட்' என்று ஒரு டிக்.

மறுநாள் காலை மெசேஜ் போனது. பலூன், கேக் படத்தோடு!

"உங்களை ரொம்ப மிஸ் பண்ணுகிறோம்! உங்கள் வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது? இந்த மாதமே புக் செய்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. நண்பரையும் சேர்த்துவிட்டால் பாயசம் இலவசம்!"

காரியம் நடந்த வீட்டில் சமைத்து முடித்துக் கிளம்பும்போது, அம்பிகா "போயிட்டு வரேன்" என்று சொல்லவே மாட்டாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் படி இறங்கிவிடுவாள். அங்கே மறுபடி வருவது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். டூலுக்குத் தெரியுமா?

போன் ஓயவில்லை. திட்டாதவர்கள் பாக்கியில்லை. அடுத்த தெரு விஸ்வநாதன் மட்டும் திட்டவில்லை. போன மாதம்தான் அவர் அப்பா போனார். "அம்பிகா, எங்காத்துல அம்மா இருக்கா. படுத்த படுக்கை. அடுத்தது எப்போன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றார், ரொம்ப மெதுவாக. அம்பிகா போனை வைத்துவிட்டு அழுதாள். "இனிமே எந்தாத்துல என்னை அடுப்படிக்குள்ள விடுவா அத்திம்பேர்?"

சாயங்காலம் கோட்டுக்காரர் கூப்பிட்டார். "சேச்சீ, கங்கிராஜுலேஷன்ஸ்! இத்தனை ரெஸ்பான்ஸ் நம்ம பேட்ச்ல யாருக்கும் வரலை! சண்டே வெபினார்ல உங்க சக்ஸஸ் ஸ்டோரி சொல்லணும்!"

"வந்தது அத்தனையும் திட்டு சாரே. வாசிச்சுப் பாத்தேளா?"

"நெகட்டிவா எடுக்கண்டா சேச்சி. ரெஸ்பான்ஸ்னா ரெஸ்பான்ஸ்தான்!"

அம்பிகா போனை வைத்தாள். ஃபீஸும் கட்டவில்லை. நேரே விஸ்வநாதன் வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். வாசலிலேயே நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். உள்ளேயிருந்து அவர் அம்மாவின் குரல் கேட்டது.

"அம்பிகாவா? உள்ள வாடீ. விசு மெசேஜைக் காட்டினான். பத்து பர்சென்ட் நல்ல ஆஃபர்தான்... ஆனா இந்த மாசமேன்னு போட்டிருக்கே? அவ்வளவு அவசரமா என்னால முடியாது கேட்டயா!"