பால் வடியும் நேரம்

என் நாவலில் ஓர் ஓட்டை இருந்தது. நாலு வருஷம் அதோடு குடித்தனம் நடத்திய எனக்கு அது தெரியவில்லை. காம்பாரில் விரிவுரையாளராக இருக்கும் ஒரு பெண், என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர், இரண்டு நாளில் படித்துவிட்டுக் கண்டுபிடித்துச் சொன்னார். அதுவும் தனியாக இல்லை. ஈப்போவில், புந்தோங் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், எட்டுப் பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தபோது.

நான் ஈப்போவில் லோரி உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்பவன். ஐம்பதைத் தாண்டி முதல் நாவல் எழுத உட்கார்ந்தேன். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம், அப்பா இல்லாத வீடு, வாதம் வந்து படுத்துவிட்ட அம்மா, அவளைப் பார்த்துக்கொண்டே மரம் சீவப் போகும் அக்கா, படிக்கும் தம்பி. எல்லாம் எங்கள் வீட்டுக் கதைதான். பெயர்களை மட்டும் மாற்றியிருந்தேன்.

பாலுக்காக ரப்பர் மரம் சீவுகிறவர்களுக்கு வேலைக்கு நடுவில் ஒரு சும்மா நேரம் உண்டு. இருட்டோடு போய்த் தன் நிரையில் உள்ள மரங்களையெல்லாம் சீவி முடிக்க ஒன்பது மணி ஆகும். பிறகு பால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் வடிந்து நிறையும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் ரப்பர் காட்டிலேயே உட்கார்ந்து பசியாறிவிட்டுக் கதை பேசுவார்கள். என் அக்கா மட்டும் வீட்டுக்கு ஓடி வருவாள். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, பால் எடுக்கத் திரும்பவும் ஓடுவாள். இதை மூன்றாவது அத்தியாயத்தில் விரிவாக எழுதியிருந்தேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

"அண்ணே, ஒரு சந்தேகம்," என்றார் விரிவுரையாளர். "பால் வடியிற நேரத்துல அந்த அக்கா தெனமும் வீட்டுக்கு வந்துடுறாங்க. அம்மா சாகுற அன்னிக்கு மட்டும் பக்கத்து வீட்டம்மா வந்து பாக்குறாங்க, மணி பத்துன்னு எழுதியிருக்கீங்க. அப்போ அக்கா எங்க?"

நான் என் பிரதியைப் புரட்டினேன்.

"அதோட அவங்க ரொம்ப நல்லவங்களாவே இருக்காங்க அண்ணே. முதல் பக்கத்துலயும் நல்லவங்க, கடைசிப் பக்கத்துலயும் நல்லவங்க. நம்ப முடியலலா. ஏதாவது ஒரு நாளாச்சும் அவங்க தப்புப் பண்ணியிருக்கணும்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். நான்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதை நிரூபித்துக்கொண்டேன். மரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களுக்கு என் அக்காவைப் பற்றி என்ன தெரியும் என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு மாதம் அந்த மாடிப்படி ஏறவில்லை. கடையில் பிரேக் லைனிங் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். மோட்டாரில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் அந்தப் பெண்ணிடம் பதில் பேசிக்கொண்டே போவேன். எல்லா வாதத்திலும் நானே ஜெயித்தேன்.

ஆனால் அன்று பத்து மணிக்கு அக்கா எங்கே இருந்தாள் என்பது எனக்கும் தெரியாது.

அம்மா இறந்தபோது நான் ஈப்போவில் ஹாஸ்டலில் தங்கி ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். தகவல் கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் அம்மாவைச் சவப்பெட்டியில் வைத்திருந்தார்கள். அக்கா காட்டில் இருந்தபோது அம்மா போய்விட்டாள், அவ்வளவுதான் எங்கள் வீட்டில் பேச்சு. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அக்கா இப்போது பீடோரில் ஒரு மலிவுவிலை வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரு மணி நேரப் பயணம். போய்க் கேட்டிருக்கலாம். கேட்பதைவிட இட்டுக்கட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஒரு லோரிக்காரனைக் கொண்டுவந்தேன். தோட்டத்துப் பாலை ஏற்றிப் போகிறவன், சிரித்த முகம். அம்மா இறக்கும் அன்று, பால் வடியும் நேரத்தில், நாவலில் வரும் அக்கா வீட்டுக்குப் போகாமல் ஆற்றோரத்தில் அவனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு நாள். ஒரே வாரத்தில் அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தேன். கை தானாக ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக எழுதினேன்.

அடுத்த கூட்டத்துக்கு அசடு வழிந்துகொண்டு போனேன். விரிவுரையாளர் புது அத்தியாயத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "மறுபடியும் தோட்டமா?" என்று எப்போதும் கொட்டாவி விடுகிறவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே ஒரு பிரதி எடுத்துச் சுருள் கம்பி போட்டுக் கட்டி, பீடோருக்குக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தேன்.

"படிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுக்கா," என்றேன்.

அவள் படிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஜெபப் புத்தகத்தைத் தவிர அவள் கையில் வேறு புத்தகத்தைப் பார்த்ததில்லை. மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்து, என் தம்பி எழுதினது என்று வருகிறவர்களிடம் காட்டுவாள், அது போதும் என்றிருந்தேன்.

ஐந்து வாரம் கழித்துப் போன் செய்தாள். "ஒருதடவ வந்துட்டுப் போறியா?" என்றாள். பாராட்டப் போகிறாள் என்று சனிக்கிழமை காலையிலேயே கிளம்பினேன். வழியில் அவளுக்குப் பிடித்த பிஸ்கட்டுகூட வாங்கிக்கொண்டேன்.

மேசைமேல் புத்தகம் இருந்தது. ஓரமெல்லாம் கை பட்டு மடங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் ஜெப அட்டையை அடையாளமாக வைத்திருந்தாள். அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"யாரு சொன்னா உனக்கு?" என்றாள்.

"என்னக்கா?"

"அன்னிக்கு நான் வீட்டுக்கு வரலன்னு."

"யாரும் சொல்லலக்கா. அது கற்பனை. நானா எழுதுனது. வட்டத்துல ஒருத்தங்க கேட்டாங்க, அதுக்காக…"

"யாரும் சொல்லாம எப்படி எழுத முடியும்? அந்த நேரத்தக்கூடச் சரியாப் போட்டிருக்க." அவள் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "லோரிக்காரன்லாம் கெடையாது தம்பி. யாரோ உங்கிட்ட கூட்டிச் சொல்லியிருக்காங்க. மாதா மேல சத்தியமா அப்படி யாரும் கெடையாது. நான் நெரைக்குள்ளயே மரத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தேன். சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்."

"அக்கா, விடுக்கா."

"வீட்டுக்குப் போக மனசு வரல. அந்த வாடை, அந்த மூத்திரத் துணி. ஒரு நாளாச்சும் உட்காரலாமேன்னு இருந்துச்சு. ஒரே ஒரு நாளு தம்பி. பாலெல்லாம் எடுத்து ஸ்டோருல ஊத்திட்டு வர்றேன், வீட்டு முன்னால கூட்டமா நிக்கிறாங்க." புத்தகத்தின் மடங்கிய ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். "சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட நான் இதச் சொன்னதில்ல. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். உனக்கு இத்தன வருஷமாத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் எங்கிட்ட நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்த."

எனக்குத் தெரியாது, தெரியாது என்று எத்தனை தடவை சொன்னேனோ. அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. அவள் அதுவரை படித்த ஒரே புத்தகம் ஜெபப் புத்தகம், அதில் எழுதியிருப்பதெல்லாம் அவளுக்கு நடந்த உண்மை. அச்சில் இருப்பதை ஒருவன் தானாக உண்டாக்குவான், அதுவும் சொந்த அக்காவைப் பற்றி, என்பது அவளுக்கு எப்படிப் புரியும்? நான் அழுதேன். என் அழுகையைப் பார்த்து அவள் எழுந்து வந்து என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். மன்னிக்க வேண்டியவன் நான் என்று நினைத்துக்கொண்டு, "மன்னிச்சிரு தம்பி" என்றாள். அதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன். அந்த அத்தியாயத்தையே கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். இந்த நாவலே வேண்டாம் என்றேன்.

"வேணாம்," என்றாள் அக்கா. "லோரிக்காரன மட்டும் எடுத்திரு. அவ சும்மா உட்கார்ந்திருந்தாள்னு எழுது. அதுதான் நெசம்."

என் நாவலைப் பற்றி இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில் இதைவிடச் சரியான திருத்தம் கிடையாது. சொல்லவே கூசுகிறது, போனை வைக்கும்போதே எனக்குள் இருந்த எழுத்தாளனுக்கு அது தெரிந்துவிட்டது.

ஒரு மாதம் நாவல் பக்கமே போகவில்லை. பிறகு உட்கார்ந்து லோரிக்காரனை எடுத்தேன். அந்த இடத்தில் இப்போது ஒரு பத்தொன்பது வயதுப் பெண் பால் வடிவதைப் பார்த்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். வேறு ஒன்றும் நடப்பதில்லை. வட்டத்தில் வாசித்து முடித்ததும் விரிவுரையாளர் தாள்களைச் சீராக அடுக்கினார். "இப்பத்தான் அவங்க உயிரோட இருக்காங்க அண்ணே. எப்படித் தோணுச்சு?" என்றார். "சும்மா தோணுச்சு," என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து நாவலை முதலிலிருந்து படித்தேன், அக்கா எப்படிப் படித்திருப்பாளோ அப்படி, ஒவ்வொரு வரியாக, எல்லாம் நடந்தது என்று நினைத்துக்கொண்டு. நாவலில் வரும் தம்பி வெள்ளிக்கிழமை தவறாமல் ஹாஸ்டலிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறான். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கிறான். துணி துவைத்துப் போடுகிறான். அக்காவை ஒரு நாளாவது உட்காரச் சொல்கிறான். அந்த வருஷம் முழுக்க நான் வீட்டுக்குப் போனது இரண்டே தடவை. அக்காவுக்கு அது தெரியும். அந்தப் பக்கங்களிலும் அவள் கை பட்டு ஓரம் மடங்கித்தான் இருந்திருக்கும். வாசகர் வட்டத்தில் யாரும் அந்தத் தம்பியைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. அக்காவும் கேட்கவில்லை.