மவுஸ் அசையாத செவ்வாய்க்கிழமை

போன செவ்வாய்க்கிழமை மவுஸ் நின்றுவிட்டது.

வெள்ளவத்தையில் நான் நடத்தும் டைப்பிங் கடையை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர். பழைய டைப்ரைட்டரைக் கொடுத்துத்தான் கொம்பியூட்டர் வாங்கினேன். பெரிய முன்னேற்றம்!

அப்போது என் முன்னால் ரஞ்சி இருந்தாள். பாமன்கடையில் அறை எடுத்துத் தம்பியோடு இருப்பவள். அன்று விடியச் சுற்றிவளைப்பில் தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். அவனுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடையில் வேலை. அங்கே வேலை செய்கிறான் என்று முதலாளியின் கடிதம் நாலு மணிக்குள் வந்தால் விடுவோம், வராவிட்டால் தடுப்பு முகாமுக்கு அனுப்புவோம் என்றார்களாம் பொலிசில்.

முதலாளி நல்ல மனிதர். கடைப் பெயர் அச்சடித்த வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு, "நீங்களே அடிச்சுக்கொள்ளுங்கோ" என்று கொடுத்துவிட்டார்.

ஒன்றரைக்கு அடித்து முடித்தேன். இரண்டு விரலால். இனி அம்புக்குறியைப் பிரிண்டர் படத்தில் வைத்து அமுக்க வேண்டும். அம்புக்குறி அசையவில்லை.

மவுஸைக் கவிழ்த்தேன். மூடியைத் திருகி உருண்டையை எடுத்தேன். உள்ளே உருளைகளில் கறுப்பாக அழுக்கு... நகத்தால் சுரண்டினேன். அசையவில்லை. பின்னால் வயரைக் கழற்றி மாட்டினேன். அசையவில்லை. கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டால் சரிவரலாம். ஆனால் அடித்ததைச் சேமிக்கவில்லை — அதற்கும் மவுஸ் வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கையால எழுதுவமே அண்ணை?" என்றாள் ரஞ்சி.

"கையால எழுதினா, நாங்களே எழுதினதெண்டு சொல்லுவாங்கள்."

"நாங்கள்தானே எழுதுறம்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கொள்ளுப்பிட்டிக்குப் போனால் புது மவுஸ் வாங்கலாம். முனை பொருந்த வேண்டுமே என்று பழையதையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வயர் வெளியே தொங்கியது. இத்தனை வருடம் கொழும்பில் இருக்கிற தமிழன் செய்கிற வேலையா அது?

செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். எல்லோரையும் ஏற்றினார்கள். என்னைத் தவிர.

"மொகக்த மேக்க?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான் ஒரு சிப்பாய்.

"மவுஸ் எக்கக் மாத்தயா. கொம்பியூட்டர் எக்கட்ட." மவுஸ் ஐயா, கொம்பியூட்டருக்கு என்றேன்.

சிப்பாய் மூடியைத் திருகினான். உருண்டையை எடுத்தான். காதருகே வைத்து ஆட்டினான். சற்று முன் நான் செய்ததைத்தான் அவனும் செய்தான் — அவனிடம் துவக்கு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பெரியவர் வரும்வரை நில் என்றான். பெரியவர் மூன்றேகாலுக்கு வந்தார். பார்த்தார். சிரித்தார். போகச் சொன்னார்.

புது மவுஸோடு கடைக்குத் திரும்ப நாலரை. ரஞ்சி இல்லை. பக்கத்து அறையில் கொம்பியூட்டர் வகுப்பு எடுக்கும் மிஸ் நின்றார்.

"அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வந்து கதவைத் தட்டினவ. கண்ட்ரோலையும் பி எழுத்தையும் சேர்த்து அமுக்கினன். கடிதம் வந்திட்டுது. மவுஸ் என்னத்துக்கு?"

"எத்தினை மணிக்கு?"

"நாலாகப் போற நேரம். நீங்கள் வந்திடுவீங்கள் எண்டு அதுவரைக்கும் காத்துக்கொண்டு இருந்திருக்கிறா. முதலே என்னைக் கேட்டிருக்கலாமே அண்ணை?"

கேட்டிருக்கலாம். இடையில் ஒரு சுவர்தான். ஆனால் இந்த ஊரில் கதவு தட்டப்பட்டால் யாருக்கு என்ன நினைவு வரும்? அதனால் நாங்கள் ஒருவர் கதவை ஒருவர் தட்டுவதை விட்டு நாளாகிவிட்டது. ஒரு விஷயம் தெரியாவிட்டால் மூன்று மைல் பஸ்ஸில் போவோம். பக்கத்தில் கேட்க மாட்டோம்.

ரஞ்சி த்ரீவீலரில் பொலிசுக்குப் போய் இறங்கும்போது தம்பியை ஏற்றிய வண்டி புறப்பட்டுவிட்டது. கடிதத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நேற்று மனு ஒன்று அடிக்க வந்தாள். தம்பியின் பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். என்னைக் குற்றமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம்.