ஆயிரத்துக்கு நாற்பத்து மூன்று குறை

செவெல்மாவுக்கு ஓநாய் பயமில்லை. மூச்சு இமையில் உறைகிற குளிரும் பயமில்லை. டிசம்பர் பிறந்தால்தான் பயம். பள்ளிச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், பதினோரு வருடமாக மூன்றாம் வட்டாரத்தின் கால்நடைக் கணக்கெடுப்பாளர். நூற்றுப்பத்துக் கூடாரம், நாற்பதாயிரம் தலை ஆடுமாடு. அவள் எழுதுகிற எண் மாகாணத்துக்குப் போகும். பின்பனிக் காலத்தில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அரசு வைக்கோல் வரும்.

அன்று கல்தனின் பட்டி. பட்டி வாயைக் குறுக்கி ஆடுகளை இரண்டிரண்டாக வெளியே விட்டார்கள். நூறு ஆகும்போதெல்லாம் செவெல்மா கணக்குக்கு ஓர் உலர்ந்த புழுக்கையைச் சட்டைப்பைக்குள் போட்டாள்.

"ஏன் இவ்வளவு மெதுவா எண்ணுற? குளிரா, இல்ல என் மந்தையப் பாத்து வயித்தெரிச்சலா?" என்றார் கல்தன்.

"எண்ணும்போது பேசாதீங்கண்ணே."

"ஆயிரம்னு எழுதிட்டுப் போ. நேரம் மிச்சம்."

வேலிமேல் சாய்ந்திருந்த புன்ட்சாக் சிரித்தார். அவர் கல்தனின் தம்பி, வட்டாரத் தலைவர். செவெல்மாவின் வேலைக்கு வருடா வருடம் கையெழுத்துப் போடுகிறவர்.

ஆயிரம் தலை சேர்த்த மேய்ப்பருக்குப் பதக்கம் உண்டு, 'ஆயிரத்தான்' என்று ஊரில் தனி மரியாதை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் கல்தனுக்கு அது கிடைத்தது. அன்றும் எண்ணியவள் அவள்தான். கல்தனின் ஆடுகளுக்கு வலக்காது நுனி வெட்டியிருக்கும். அன்று முப்பத்தெட்டு ஆடுகளுக்கு இடக்காது பிளந்திருந்தது. அது பக்கத்துப் பள்ளத்தாக்கு நோரோவின் அடையாளம். தனியாளான நோரோவின் கூடாரத்தை வருடத்துக்கு நான்கு முறை இடம் மாற்றிக் கொடுப்பது கல்தனின் லாரி. எண்ணிக்கை நாளுக்கு அவர் ஆடு இரவல் கேட்டால் எப்படி மறுப்பாள்?

செவெல்மாவும் மறுக்கவில்லை. புன்ட்சாக் பார்த்துக்கொண்டு நின்றார், அவள் ஆயிரம் என்று எழுதினாள். நோரோவின் கணக்கில் முப்பத்தெட்டு குறைந்தது. அடுத்த மார்ச்சில் பனி உருகி மறுபடி இரும்பாய் இறுகியது, அடியிலிருந்த புல் ஆடுகளுக்கு எட்டவில்லை. நோரோவுக்கு வந்த வைக்கோல், பனி இளகுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே தீர்ந்தது. அறுபது ஆடுகள் பட்டிச் சுவரை ஒட்டி நின்றபடியே விறைத்துச் செத்தன. "வந்தது அவ்வளவுதான். நம்ம செவெல்மா சரியாத்தான் எழுதியிருப்பா" என்று நோரோ எல்லாரிடமும் சொன்னாள். அதைக் கேட்ட நாளிலிருந்து செவெல்மா அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். போன வருடம் அங்கே எண்ணுவதற்குக்கூட வேறு ஆளை அனுப்பினாள்.

இந்த வருடம் மாகாண அலுவலகம் புதிதாக ஓர் ஏற்பாடு செய்திருந்தது. ஜனவரியில் சீட்டுப் போட்டு எடுக்கிற வீடுகளில் மறு எண்ணிக்கை. இது அவளை இன்னும் மிரட்டியது. பிடிபட்டால் வேலை போகும். உண்மையை எழுதினாலும் போகும்.

ஒன்பதாவது புழுக்கையைப் போட்டபின் ஒரு பிளந்த இடக்காது தாண்டியது. அடுத்து இரண்டு. பிறகு ஒரு கூட்டம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏற்கெனவே மலைச்சரிவில் பனி கண்ணாடிபோல மின்னியது. இன்னொரு இரும்புப் பனி.

"முடிஞ்சுதா? ஆயிரம்தானே?" கல்தன் பேனாவை எட்டிப் பார்த்தார்.

"தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு." என்றாள் செவெல்மா. "மீதி நாப்பத்து மூணு நோரோ அக்காவோடது."

"ஆயிரத்தான்னு பேர் வாங்கினவன் நான். ஊர் சிரிக்கணுமா?"

அவள் எழுதினாள். மை உறைந்து பேனா ஓடவில்லை. வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கி மறுபடி எழுதினாள்.

கல்தன் கூடாரத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தேநீருக்குக் கூப்பிடவில்லை. பதினோரு வருடத்தில் எந்த வாசலிலும் அவளுக்கு அப்படி நேர்ந்ததில்லை.

திரும்பிப் போக புன்ட்சாக்கின் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். நாற்பது கிலோமீட்டர். "ஏறு" என்றார்.

வெட்டவெளியின் நடுவில் வண்டி நின்றது. இங்கே இறக்கிவிட்டால் குளிரில் விடிவதற்குள் கதை முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் திரும்பாமலே கேட்டார்: "ரெண்டு வருஷம் முன்னால எழுதினது?"

பொய் சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம். "பொய்ண்ணே. நான் எண்ணினது தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன்." என்றார் புன்ட்சாக். "அந்த அறுபது ஆட்டயும் குழிதோண்டிப் போட்டவன் நான்தான். உன் வேலைக்கு என் கையெழுத்து அடுத்த வருஷம் இருக்குமான்னு தெரியாது. எங்க அண்ணன் மேல வரைக்கும் போவான்."

வண்டியை இடதுபக்கம், அவள் சுற்றிப்போகிற பள்ளத்தாக்குக்குத் திருப்பினார்.

"அங்க எதுக்குண்ணே?"

"நோரோ கணக்கு பாக்கி இருக்கே. எண்ணு. அன்னிக்கு நடந்தத நீயே சொல்லு. என்னால முடியாது."

நோரோவின் கூடாரத்திலிருந்து புகை எழுந்தது. கருப்பு நாய் சங்கிலியை இழுத்துக் குரைத்தது. செவெல்மா இறங்கினாள். வருகிற யாரும் எந்த வாசலிலும் வணக்கம்போல முதலில் கூவுகிற அந்த வார்த்தையைக் கூவ வாயைத் திறந்தாள், வரவில்லை.

இரண்டாம் முறை வந்தது. "நாயைப் பிடிங்கக்கா!"