கண்ணாடிக்குள் இருந்த விண்கலம்

இத்தாலியின் பலெர்மோ துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த கண்காட்சி மண்டபத்தில் புனிதமலர் துப்புரவு வேலை செய்தாள். அந்தக் கோடையில் அங்கே ஒரு பழைய விண்கலம் வந்திருந்தது. மூன்று பேர் அதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து விண்வெளிக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். திரும்பும்போது பட்ட நெருப்பில் அதன் அடிப்பகுதி கருகியிருந்தது. அதைச் சுற்றியிருந்த கண்ணாடியில் பதியும் கைரேகைகளை அவள்தான் துடைப்பாள்.

கண்காட்சியின் கடைசி நாளில், பொறியியல் படிக்கும் மகள் மொனிகா தோழிகளோடு வந்தாள். சீருடையும் வாளியுமாகத் தன்னைக் கண்டால் மகளுக்கு வெட்கமாயிருக்கும் என்று நினைத்த புனிதமலர், அவர்கள் போகும்வரை சாமான் அறைக்குள் நின்றுகொண்டாள்.

பின்னேரம் வீட்டில் மொனிகா கேட்டாள். "எங்கையம்மா போனனீங்கள்? எல்லா இடமும் தேடினனான். என்ர அம்மா இஞ்சைதான் வேலை செய்யிறா எண்டு சொல்லித்தான் அவையளைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

இன்னொரு நாள் சேர்ந்து போய்ப் பார்ப்போம் என்று சொல்லப் புனிதமலருக்கு ஆசையாக இருந்தது. ஆனால் இனி ஒரு நாள் இல்லை.

"வேலை கூடிப்போச்சு, பிள்ளை" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விண்கலத்தைப் பெட்டிக்குள் வைத்து லொறியில் ஏற்றினார்கள். அது நின்ற இடத்தைப் புனிதமலர் துடைத்தாள். அதன் முன்னால் நின்று மகள் என்னென்ன சொல்லியிருப்பாளோ என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தாங்கவில்லை.