பேசக் கூடாத வாரம்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மறுவாரம், ஈப்போ மருத்துவமனையில் என் குரல்நாணில் வளர்ந்திருந்த சிறு கட்டியை அகற்றினார்கள். பல வருடங்கள் பாலர் பள்ளியில் கத்திப் பாடம் நடத்தியதன் பலன். புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாய்வழியாகவே செய்த அறுவை. கழுத்தில் தழும்பு கிடையாது. ஆனால் ஒரு வாரம் பேசவே கூடாது. பேசினால் புண் சரியாக ஆறாமல் குரல் கரகரப்பாகவே நின்றுவிடலாம்.

என் கவலை வேறு. சர்க்கரை ஏறும் இனிப்புநீர் நோயால் என் கணவருக்குப் பார்வை போய்விட்டது. பத்து காஜா ஊர்ப்பக்கம் அவர் வளர்ந்த ரப்பர்த் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. ஆட்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். தினமும் காலையில் தமிழ்ப் பத்திரிகையின் மரண அறிவிப்புகளை நான் வாசிப்பேன். தோட்டத்து ஆள் யாராவது உண்டா என்று கேட்டுக்கொள்வார். பார்வை போன பிறகு அவர் வாய் திறப்பதே அந்த நேரத்தில்தான்.

வீடு திரும்பிய மறுநாள், ரகசியக் குரலில் பேசினால் தொண்டைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து, அவர் காதருகே குனிந்து வாசித்தேன். மதியம் நலம் விசாரிக்கத் தொலைபேசியில் அழைத்த மருத்துவமனைக் குரல் பயிற்சியாளரிடம் அவரே அதைப் பெருமையாகச் சொன்னார். கிசுகிசுப்பதும் குரல்நாணை இறுக்கும், கூடவே கூடாது என்றார் அந்தப் பெண்.

மறுநாள் பத்திரிகையை விரித்த சத்தம் கேட்டதும் வாங்கி மடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"செத்தவங்க காத்திருப்பாங்க லா. நீ சும்மா இரு, நான் பேசுறேன்."

உண்மையாகவே பேசினார். தோட்டத்துக் கால்பந்தில் கோல் காக்க நின்று ஏழு கோல் விட்ட கதை, என்னைப் பெண் பார்க்க வந்தபோது தவறான வீட்டில் பலகாரம் சாப்பிட்ட கதை. ஆமாம் என்றால் அவர் உள்ளங்கையில் ஒரு தட்டு, இல்லையென்றால் இரண்டு. வாயைப் பொத்திச் சிரித்தபோது, குலுங்கிய என் தோளைத் தொட்டுப் பார்த்து, "இதுக்கும் அந்தம்மா ஏசும்," என்றார்.

வாரம் முடிந்ததும், சில நிமிடங்கள் மெதுவாகப் பேசலாம் என்று பயிற்சியாளர் அனுமதித்தார். வீட்டுக்கு வந்து, சேர்ந்து கிடந்த பத்திரிகைகளை எடுத்தேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"பேப்பரு பொறவு. மொதல்ல ஒருதடவ 'ஏங்க'ன்னு கூப்பிடு."

கூப்பிட்டேன். கொஞ்சம் கரகரத்துத்தான் வந்தது. பிடித்த கையை அவர் விடவில்லை.

இப்போது வகுப்பில் பிள்ளைகளைக் கைதட்டித்தான் அழைக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காக ஒருவர் வாரம் முழுக்கப் பேசிப் பேசிக் காத்திருந்தார் என்பதை நினைத்தால், கத்தத் தோன்றும் நேரத்திலும் என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.