வலதுகாலை எடுத்து வைத்த நாள்

எல்லே விளையாட்டில் என் கைகளை யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் வலதுகாலில்தான். எங்கள் அணியாளே பந்தைப் போட்டுத் தருவாள். மூங்கில் தடியை வீசும்போது முன்காலை ஓர் அடி எடுத்து வைத்து, பின்குதியைத் திருப்பினால்தான் பந்து தூரம் போகும். நானோ நட்ட கட்டை மாதிரி நின்று அடிப்பேன். பந்தும் பக்கத்திலேயே விழுந்து படுத்துக்கொள்ளும்.

அக்காதான் அணித்தலைவி. பக்கத்து ஊரான வங்காலைப் பிள்ளைகளோடு போட்டி வரவிருந்தது. "காலை எடுத்து வைக்காட்டி உனக்கு இடமில்லையடி. தங்கச்சி எண்டெல்லாம் பாக்கமாட்டன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். அந்த அணியில் இல்லாவிட்டால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்று எனக்கு உண்மையாகவே கவலை.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நாங்கள் ஊர் திரும்பிய புதிதில், கண்ணிவெடி எடுத்து முடியும்வரை, "நான் மிதிச்ச இடத்திலதான் மிதிக்கோணும்" என்று சொல்லிச் சொல்லியே அம்மா எங்களை நடத்திப் போவார். பிறகு நிலத்தைத் துப்புரவாக்கி, மண்டையோடு போட்ட எச்சரிக்கைப் பலகைகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் நின்று அடிக்கும் பக்கம் மிதிபட்டு வெறும் மண்ணாகக் கிடந்தது. நான் இடக்கைக்காரி, எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். என் வலதுகால் போகவேண்டிய இடத்தில் முழுக்கப் புல். வேறு எதிலும் அம்மா சொல் கேட்காத நான் இதில் மட்டும் தங்கமான பிள்ளையாக இருந்தேன்.

பின்னேரங்களில் அம்மா தேத்தண்ணி கொண்டுவருவார். மைதானத்துக்குள் வரமாட்டார், றோட்டில் நின்றே கூப்பிடுவார். எங்களைப் பழக்கும் சேருக்கு முன்னால் வரக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம். அன்று அவர் வந்து நின்ற நேரம் பார்த்து அக்கா அதட்ட, நான் அழுகையோடு, "புல்லில கால் வைக்கப் பயமாக் கிடக்கு!" என்று கத்திவிட்டேன்.

றோட்டில் அம்மா தேத்தண்ணிப் போத்தலைக் கீழே வைத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு புல்லுக்குள் இறங்கி நேரே என்னிடம் நடந்து வந்து, என் காலுக்கு முன்னால் இருந்த புல்லை இரண்டு காலாலும் நன்றாக மிதித்தார்.

"இப்ப வலதுகாலை எடுத்து வை, பிள்ளை" என்றார், கல்யாணப் பெண்ணை வீட்டுக்குள் கூப்பிடுவது போல. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வைத்தேன். பின்குதி தானாகத் திரும்பியது. பந்து வேலியைத் தாண்டி வயலுக்குள் போய் விழுந்தது.

"நீயும் வாறாயடி வங்காலைக்கு!" என்று அக்கா துள்ளினாள்.

தேத்தண்ணி ஊற்றும்போது அம்மா பாதியை நிலத்தில் சிந்திவிட்டார். என் அடியைப் பார்த்த சந்தோஷம் என்றே நினைத்தேன். ஊர் திரும்பிய பிறகு அம்மாவும் அன்றுதான் முதன்முதலாகப் பாதையை விட்டு இறங்கியிருந்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.